காக்கை தொடாத மாதம்

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு மாதவிலக்கு வந்துவிட்டால் காக்கை தொட்டுவிட்டது என்பார்கள். சின்னப் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கென்று யாரோ எப்போதோ கண்டுபிடித்த பதில். அம்மாவை ஏன் தொடக் கூடாது? காக்கை தொட்டுவிட்டது. அம்மா ஏன் வெளியில் படுத்திருக்கிறாள்? காக்கை தொட்டுவிட்டது. என் மகன் பிரசன்னா நாலு வயதில் ஒரு கவண் செய்துகொண்டு கொல்லையில் இருந்த காக்கைகளையெல்லாம் விரட்டியடித்தான், அம்மாவை இனி ஒன்றும் தொடவிட மாட்டேன் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சின்னதாக ஒரு பயமும் வந்தது. காக்கை வராமல் போனால் நான் எப்போது எழுதுவேன்?

சிர்சியிலிருந்து சித்தாபுரம் போகிற வழியில், மலைச்சரிவின் அடியில், பாக்குத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. வீட்டின் பின்புறம் தனிக்கதவு வைத்த ஓர் அறை உண்டு. ஒரு ஜன்னல், ஒரு பாய், ஒரு செம்பு. மாதத்தில் மூன்று நாள் அங்கேதான் நான். சமைக்கக் கூடாது, உள்ளே வரக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போகலாம். கல்யாணமான புதிதில் அந்த அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். பிரசன்னா கைக்குழந்தையாக இருந்தபோது துணிக்குத் தீட்டு ஒட்டும் என்று அவனை அம்மணமாக்கித்தான் பால் குடிக்க என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். குளிரில் அவன் உடம்பு சிலிர்த்துப் போயிருக்கும். அதையெல்லாம் நான் நல்லதென்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு மழைநாளில், செய்ய ஒன்றுமே இல்லாமல், உரக்கடைக் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தபோது, காலையிலிருந்து ஒருவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது உறைத்தது. ஜலஜாக்ஷி என்ற என் பெயர் அன்றைக்குத்தான் ஓய்வெடுத்தது.

அப்படித்தான் முதல் கதை வந்தது. அந்த அறையில் எழுதிய தாள் வீட்டுக்குள் வர வேண்டுமானால் அதற்கும் சுத்தி செய்ய வேண்டும் என்றார் என் கணவர். துளசி போட்ட தண்ணீரைத் தெளித்தார். மை கரைந்து கதையின் பாதி நீலத் தீவுகளாகிவிட்டது. அந்த மாதத்திலிருந்து நான் பால்பாயின்ட் பேனாவுக்கு மாறினேன். அவரும் தெளிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, விரித்து, விரல் நுனியால் நாலு சொட்டு தெளித்து, வெயிலில் கல் வைத்துக் காயப்போடுவார். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் கேட்டதில்லை.

மூன்று நாவல்கள் அந்த ஜன்னலுக்குக் கீழே எழுதியவை. நாலாவது பாதியில் நிற்கும்போதுதான் காக்கை வருவதை நிறுத்தியது.

முதல் மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது மாதமும் வரவில்லை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. என் கதாநாயகி யமுனா மட்டும் ஒரு தோணித்துறையில், மழையில், கையில் தகரப்பெட்டியோடு நின்றுகொண்டேயிருந்தாள். அக்கரைக்குப் போகப்போகிறாளா, திரும்பி வீட்டுக்கு நடக்கப்போகிறாளா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எழுத வேண்டும். நாவலைத் தொடராகப் போடுவதாக ஒப்புக்கொண்ட வாரப் பத்திரிகை, நவராத்திரிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நாவல் வந்துவிடும் என்று சொல்லிவிட்டது.

மற்ற நாட்களில் எழுதிப் பார்க்காமல் இல்லை. சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உறைமோர் எங்கே என்று பிரசன்னா கேட்டான். மருந்தடிக்கிற ஆட்களுக்கு இன்னும் டீ போகவில்லை என்று கணவர் சொன்னார். மழைக்காலத்தில் பாக்குக் குலைகள் அழுகாமலிருக்க மருந்தடிக்க வேண்டும். ஆள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தவர்களைக் கோபப்படுத்தக் கூடாது. மச்சுக்கு ஏறிப் போய் உட்கார்ந்தேன். "அங்க என்னம்மா பண்றே?" என்று கீழேயிருந்து பிரசன்னாவின் குரல் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏன் ஒன்றுமில்லை என்று சொன்னேன்? அதைத்தான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மருமகள் மேகனா தார்வாட்டிலிருந்து வந்தவள். பாக்குத் தோட்டத்துப் பையன்களுக்குப் பெண் கிடைக்காத இந்தக் காலத்தில், அவள் இந்த வீட்டுக்கு வந்ததே பெரிய விஷயம் என்று ஊரே சொல்லும். கல்யாணப் பேச்சின்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு வேலை இருக்கு, வீட்டுலேர்ந்தே பண்ணுவேன். வெளியிலெல்லாம் உட்கார மாட்டேன்." என் கணவர் அரை நிமிஷம் கூரையைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

மேல்மாடி அறையில் அவளுக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். கதவை மூடிக்கொண்டு "மீட்டிங்" என்று ஒரு வார்த்தை சொல்வாள். அவ்வளவுதான். வீடே அடங்கிவிடும். ஒருநாள் என் கணவர், கத்திய கன்றுக்குட்டியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... மீட்டிங்" என்றதை என் கண்ணால் பார்த்தேன். அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வருவார். எங்கேயோ பார்த்த காட்சி மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அதற்கு மேல் யோசிக்கவில்லை, அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

அவளுக்கு என் மேல் பிரியம் உண்டு. அதனாலேயே ஒரு தொந்தரவும் உண்டு.

"அத்தே, நானே உட்காரலை. நீங்க மட்டும் ஏன்? உங்க வயசுக்கு அந்த ஈரத்துல படுத்தா முட்டி என்ன ஆகும்? மாமாகிட்ட நான் பேசுறேன். அந்த ரூமை இடிச்சிட்டு ஒரு நல்ல பாத்ரூம் கட்டிரலாம்."

"இருக்கட்டும் விடும்மா."

"என்ன இருக்கட்டும்? கொடுமை அது. நீங்க கதை எழுதறவங்க, நீங்களே இப்படி விட்டுக்கொடுத்தா?"

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு வார்த்தையும் சரி. நான் எழுதிய கதைகளில் வருகிற பெண்கள்கூட அப்படித்தான் பேசுவார்கள். பாத்ரூம் என்று அவள் சொன்னபோது என் நெஞ்சு ஏன் திக்கென்றது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவமானத்திலிருந்துதான் என் நேரத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன், அந்த அவமானம் போனால் நேரமும் போய்விடும் என்று சொன்னால் அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

மூன்றாவது மாதமும் வராதபோது, ஒரு திங்கட்கிழமை காலையில், சாணம் கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கணவரிடம் சொன்னேன்.

"நான் வெளியில உட்காரணும்."

அவர் ஓரடி பின்வாங்கினார். "சரி. அரிசி எங்க வெச்சிருக்கே?" என்றார்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. முப்பது வருஷத்தில் அவரிடம் எத்தனையோ கேட்டு வாங்கியிருக்கிறேன், எதுவும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

பொய்யாக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த முதல் நாளில் எனக்கு ஒரு விசித்திரமான ஆர்வம். இது பொய் என்று பேனாவுக்குத் தெரியுமா? இத்தனை நாளும் எனக்கு வார்த்தை கொடுத்தது எது? உடம்பா, அறையா, யாரும் தொடாததா, இவர் சமையலா? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க இது ஒரு சந்தர்ப்பம். இந்த முறை உடம்பைக் கழற்றியாகிவிட்டது. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது.

மத்தியானம் வரை ஒரு வரிகூட எழுதவில்லை. கதவுப்பக்கம் காலடி கேட்கும்போதெல்லாம் திருடி மாதிரி நிமிர்ந்தேன். இவர் வந்து தட்டை வாசல்படிக்கு அப்பால் வைத்தார். செம்பை உயரத்தூக்கி, என் டம்ளரில் படாமல், மெல்லிய கம்பியாகத் தண்ணீர் ஊற்றினார். இதில் அவருக்குப் பெரிய கைத்தேர்ச்சி, ஒரு சொட்டு சிந்தாது. முதல் நாளில் எனக்கு இடுப்புவலி இருக்கும் என்று ஓமக் கஷாயமும் வைத்திருந்தார். வல்லாரையை அரைத்து மோரில் கரைத்த தம்புளி. எங்கள் சமூகத்து ஆண்களுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் தம்புளியில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றேன்.

ஒரு கணம் நின்றார். பிறகு போட்டார்.

அவர் போனதும் கஷாயத்தைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன்.

இரண்டாம் நாள் யமுனா பெட்டியைக் கீழே வைத்தாள். அது போதும் எனக்கு. பெட்டியைக் கீழே வைத்தவள் கையைத் தேய்த்துக்கொண்டாள், தோணிக்காரனிடம் பேச்சுக் கொடுத்தாள், அவன் அவளுடைய பிறந்தவீட்டுப் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரியவந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஒரு காலைத் தோணிக்குள் வைத்தபோது வெளிச்சம் போய்விட்டது. பேனாவுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

நாலாம் நாள் குளித்துவிட்டு உள்ளே போனேன். இவர் தாள்களை எடுத்துத் தண்ணீர் தெளித்துக் காயவைத்தார். தீட்டே இல்லாத தாளுக்கு அவர் பயபக்தியோடு தெளிப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அடுத்த மாதமும் இதையே செய்வேன் என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் மாமனாரின் திதி வந்தது.

திதியன்று எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். ஈரப்புடவையோடு மடியாகச் சமைக்க வேண்டும். வடை, பாசிப்பயறும் வெல்லமும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரிக்கிற சுக்கினுண்டை, பாயசம், கறிவகைகள். இதெல்லாம் முன்னோர்களுக்கு. என் கணவருக்கு இந்த ஒரு நாள் மற்ற எல்லாப் பூஜைகளையும்விடப் பெரியது. அவர் அப்பா கடைசிக் காலத்தில் நான் பண்ணிய பாயசத்தைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அவருக்கே போய்ச் சேருகிறது என்று இவர் உண்மையாக நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான் உண்டு. இவர் நம்புவதை மதிக்கிறேன் என்பது மட்டும் முழுசு.

உளுந்தை அரைத்து முடித்துப் பயறு உருட்டிக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு பழைய வலி கிளம்பியது. நான் அதை அடையாளம் கண்டுகொள்ளக்கூடக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த காக்கை, திதி நாளில், சமையலறைக்குள்ளேயே வந்து தொட்டுவிட்டது.

கையில் உருட்டிய பயற்றுருண்டை அப்படியே இருந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் மிச்சத்தையும் உருட்டி முடிக்கலாம். வெளியில் போனால், போன வாரம்தானே உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் ஒன்று அந்தப் பொய் வெளிப்படும், இல்லாவிட்டால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் வேண்டும். உருண்டையைப் பார்த்தேன். இது அவர் அப்பாவுக்குப் போகிற சாப்பாடு. எனக்குத் தீட்டில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. அவருக்கு இருக்கிறது.

கையைக் கழுவாமலே பின்வாசல் வழியாக வெளியே போனேன். கிணற்றடியில் இவர் வெற்றுடம்பும் பஞ்சகச்சமுமாக, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு நின்றிருந்தார். வேதம் சொல்ல வந்திருந்த திம்மண்ண பட்டர் மரத்தடியில் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளியில உட்காரணும்" என்றேன்.

இவர் பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குமா?" என்றார்.

"ஆமா."

பட்டருக்குக் கேட்காத குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஜலஜா, இன்னிக்கு வேண்டாம். அவ தோணியில ஒரு காலை வெச்சிட்டு நிக்கறா, எனக்குத் தெரியும். நாளைக்கு ஏறட்டும். இன்னிக்கு எங்க அப்பா திதி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லாம் புரிந்தது, காயவைத்த தாள்களை அவர் படித்திருக்கிறார் என்பதும்.

"போன வாரமே உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாள்ல நீ ரெண்டாம் தடவை சோறு கேட்டதுண்டா? கல்யாணமான நாள்லேர்ந்து உனக்குப் பரிமாறறேன், சமைச்சுப் போடறவனுக்குத் தெரியாதா? செம்பருத்திக்கு ஓமக் கஷாயம் ஊத்தினா வாசனை வராதா?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீ வெளியில உட்காரணும்னு சொன்னே. உட்கார்ந்தே. நான் என்ன சொல்றது? இப்ப போ. உள்ள போய் உளுந்தைப் பாரு."

அதற்குள் மேகனா வந்துவிட்டாள். கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். "மாமா, அத்தே வயசுக்கு அது முறை தவறி வரும். மாசத்துல ரெண்டு தடவைகூட வரலாம். டாக்டர்கிட்ட வேணும்னா கேட்கலாம். அதுக்காக அவங்களைத் திட்டறீங்களே?"

நல்ல காரணம். பட்டர்கூட அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். ஊருக்கு அது போதும். இவருக்குத்தான் போதாது. இவர் கண்ணில் நான் ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்னவள், நாவலுக்காக இன்னொரு முறையும் சொல்லக்கூடியவள். உண்மை முதல்முறையாக என் பக்கம் நிற்கிறபோது, அதை நம்ப ஆளில்லை.

"சத்தியமா சொல்றேன்" என்றேன்.

"எது மேல?"

பிரசன்னா மேல் என்று சொல்லலாம். குலதெய்வத்தின் மேல் என்று சொல்லலாம். வாயில் வந்தது வேறு.

"யமுனா மேல."

இவர் முகம் மாறியது. எழுதி முடிக்காத நாவலின் பெண் மேல் ஆணையிடுகிறவள் விளையாடவில்லை என்று அவருக்கு எப்படிப் புரிந்ததோ! ஓரடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அவர் அப்படி விலகி நகர்ந்திருக்கிறார். அந்த ஓரடிக்கு நம்பிக்கை என்று ஓர் அர்த்தம் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பட்டர் ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். உடனே அவரே விரல்விட்டு எண்ணி, அன்றைக்குத் தனக்கு வேறு வீடுகள் இருக்கின்றன என்றும் சொன்னார். அதனால் திதியை ஒத்திப்போடவில்லை. நான் தொட்ட உளுந்தும் பயறும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. புதிதாக நனைத்தது முழுதாக ஊற நேரமில்லாமல், அரைகுறையாக ஊறிய உளுந்தை இவரும் பிரசன்னாவும் அரைத்தார்கள். அறை ஜன்னலிலிருந்து எனக்கு எண்ணெய் காயும் வாசனை வந்தது. சற்று நேரத்தில் பட்டர் இவரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கேட்பதும் காதில் விழுந்தது. "ஹெக்டேரே, உங்க அப்பாவுக்குக் கடைசியில பல் இருந்துச்சா இல்லையா? இந்த வடைக்கு வேணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தது கேட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கு உண்மையாகவே காக்கை தொட்டிருந்தது. அறை இருந்தது, ஜன்னல் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் யமுனா நகரவில்லை. தாளைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை. என் ஆராய்ச்சியின் கணக்கு இப்படிக் குழம்பிப் போனது. உடம்பு இல்லாதபோது எழுத்து வந்தது. உடம்பு வந்தபோது எழுத்து வரவில்லை. அப்படியானால் எது? யாரும் தொடாததுதான் என்றால் இன்றைக்கும் யாரும் தொடவில்லையே? இன்றைக்கு நான் அல்லவா எல்லோரையும் தொட்டுக்கொண்டிருக்கிறேன், மனதுக்குள். வடை வெந்ததா, பாயசம் அடிப்பிடித்ததா, இவர் என்ன நினைக்கிறார்.

மறுநாள் மத்தியானம் தட்டு வைக்க வந்தவர் போகவில்லை. வாசல்படிக்கு அப்பால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இது நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றார்.

"அது தெரியாமத்தான் பொய் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கு எழுதணும், மூணு நாள் என்னைக் கூப்பிடாதீங்கன்னு."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். செம்பைக் கையில் உருட்டினார்.

"முதல் நாள் விட்டிருப்பேன். ரெண்டாம் நாள் காபி கேட்டிருப்பேன். நீ போட்டுக் குடுத்திருப்பே" என்றார்.

"ஆமா, போட்டுக் குடுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் என்னை மட்டும் சொல்றே?"

"உங்களை எங்க சொன்னேன்?"

"கூப்பிடக் கூடாதுன்னு ஒரு கட்டு இருந்தாத்தான் நான் கூப்பிட மாட்டேன். நம்ம ரெண்டு பேர் புத்தியும் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தோட்டத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மச்சில் ஏறி உட்கார்ந்தபோது ஒன்றுமில்லை என்று சொல்லி இறங்கி வந்தேனே, அது ஞாபகம் வந்தது. யாரும் என்னை இறக்கிவிடவில்லை. என் குரல்தான் இறக்கிவிட்டது. மேல்மாடி ஜன்னல் வழியாக மேகனாவின் குரல் கேட்டது, யாருக்கோ இங்கிலீஷில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் அறை வாசலில் காலித் தட்டு இருக்கும். அவளைக் காக்கை தொடவில்லை. அவளே ஒரு காக்கையை வளர்த்து வைத்திருக்கிறாள். வேண்டும்போது கூப்பிட்டுத் தன்னைத் தொடச் சொல்கிறாள்.

நாலாம் நாள் விடிந்ததும் தலைக்குக் குளித்தேன். புதுப்புடவை கட்டிக்கொண்டேன். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல், அறைக்கே திரும்பினேன். பாயை விரித்தேன். தாளை எடுத்தேன்.

சமையலறையில் கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. இவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"குளிச்சிட்டேதானே?"

"குளிச்சிட்டேன்."

"உள்ள வரலையா?"

"வரலை. வெளியில உட்கார்ந்திருக்கேன்."

காக்கையை நடுவில் நிறுத்தாமல் அந்த வாக்கியத்தை நான் சொல்வது அதுதான் முதல்முறை. அவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். திரும்பிப் போனார். அவர் கோபமாகப் போகிறாரா என்று தெரியவில்லை. முதுகைப் பார்த்துச் சொல்லக்கூடியவள்தான் நான், அன்றைக்கு முடியவில்லை.

மத்தியானம் தட்டோடு வந்தார். பழக்கத்தில் படிக்கு அப்பால் குனிந்தவர், நடுவில் நிமிர்ந்து, உள்ளே வந்து கையிலேயே கொடுக்கலாமே என்று ஒரு காலை எடுத்துவைத்தார்.

"வேண்டாம். அங்கேயே வையுங்க" என்றேன்.

"தீட்டுதான் போயிடுச்சே?"

"போயிடுச்சு. ஆனா நீங்க உள்ள வந்தா மழையைப் பத்திப் பேசுவீங்க. ஆட்கள் வரலைன்னு சொல்லுவீங்க. நான் அதையே நினைச்சிட்டு இருப்பேன்."

"வரலைதான்" என்றார். உதட்டில் ஒரு சிரிப்பு. "சரி, சொல்லலை."

தட்டைப் படிக்கு அப்பால் வைத்தார். செம்பை உயரத்தூக்கி, கம்பியாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தியது. இத்தனை வருஷத்தில் முதல் சொட்டு. அது என் விரலில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

மாடி ஜன்னலிலிருந்து மேகனா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தடதடவென்று இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா, இதெல்லாம் ரொம்ப அதிகம்! நாலு நாள் ஆச்சு. இன்னும் எத்தனை நாள் அவங்களை வெளியில வெப்பீங்க? அத்தே, எழுந்திருங்க. உள்ள வாங்க."

"நான் ஒண்ணும் வெக்கலையே" என்றார் இவர் பாவமாக. "அவளே..."

நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். "மேகனா, மீட்டிங்ல இருக்கேன்மா" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்துத் தன் உதட்டில் விரலை வைத்து, "வாங்க மாமா, போகலாம்" என்று கிசுகிசுத்து அவரை அழைத்துக்கொண்டு போனாள். நாலடி போனவள் திரும்பி வந்து தலையை மட்டும் நீட்டினாள். "அப்ப பாத்ரூமை வேற பக்கம் கட்டிக்கலாம். ஆனா அந்தச் சுவருக்கு ஈரம் வராம ஏதாவது பண்ணணும். அதுல மட்டும் நான் விடமாட்டேன்."

"சரி. இப்ப போ."

யமுனா தோணியில் மற்றொரு காலையும் வைத்தாள். தோணி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

சாயங்காலம் மழை விட்டு, முற்றத்தில் கொஞ்சம் மஞ்சள் வெயில் விழுந்தது. நான் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இவர் பழக்கப்படி துளசி போட்ட கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். தாளுக்குக் கையை நீட்டியவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இதுக்குத் தெளிக்கணுமா? இது சுத்தமான நாள்ல எழுதினதாச்சே?"

எனக்கும் தெரியவில்லை. சாஸ்திரத்தில் இதற்கு இடமே இருக்காது. அவர் கை கிண்ணத்தின் மேல் நின்றது. கண் முதல் வரியின் மேல் நின்றது. தெளிக்க வேண்டாம் என்று சொன்னால் அவருக்குத் தாளைக் கையில் எடுக்க ஒரு காரணம் இருக்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் ஒரு காக்கை வேண்டியிருந்திருக்கிறது.

"தெளிங்க" என்றேன்.

முதல் தாளை மடியில் விரித்து நாலு சொட்டு தெளித்தார். காய்வதற்குக் காத்திருப்பவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவது தாளில் தெளிக்கவே மறந்துவிட்டார். கடைசித் தாள் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"அக்கரைக்குப் போயி என்ன பண்ணப்போறா இவ? அங்க யாரு இருக்கா இவளுக்கு?"

"தெரியலை" என்றேன். "அதுக்குத்தான் நாளைக்கும் வெளியில உட்காரணும்."

அவர் தலையாட்டினார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, "அப்ப அரிசி எங்க வெச்சிருக்கேன்னு மட்டும் இப்பவே சொல்லிடு" என்றார்.